சக்கரத்து மண்

பகாவ் ஆலையின் எடைப்பாலத்துக்கு
நான்தான் நிரல் எழுதினேன்.
எழுதியதை அழிக்காத மொழி அது.
லோரி எண்ணில் ஒரு எழுத்தைத் திருத்தினாலும்
பழையதைக் கிடந்த இடத்தில் விட்டுவிட்டு
முழுசாகப் புதிது ஒன்றைப் பெறும்.
கிடப்பதை அள்ள உள்ளே ஒருவன் இருக்கிறான்.
அவன் அள்ளும்போது எல்லாரும் நிற்க வேண்டும்.

காலை பத்தேகால். பாலத்தின் மேல்
செம்பனைக் குலைகளோடு சன்னாசி அண்ணன்.
திரையில் எண் உறைந்தது.
பின்னால் ஆறு லோரி, ஆறு ஹாரன்.
"என்னம்மா, ஒன் கம்ப்யூட்டர்
பசியாறப் போயிருச்சா?"

இதற்கு எவ்வளவு செலவு,
ஒரே ஒரு எண் கொடு என்றார் மேனேஜர் லிம்.

பாலத்துக்குத் தெரிந்த வழிதான் எனக்கும்:
பாரத்தோடு ஒரு எடை,
வெறும் லோரி ஒரு எடை,
கழித்தால் குலை.

கோப்பிக்கடை மேல்மாடி அறையில், இரவில்,
ஒரு மாத எடைகளைத் திரும்ப ஓட்டினேன்.
நாற்பத்தொரு நொடி.
அதில் பதினொன்று என் வேலை என்று
அள்ளுபவனே கணக்குக் காட்டினான்.
அவனுக்கு லீவு கொடுத்தேன்.
குப்பை எவ்வளவு சேர்ந்தாலும் கொள்ளுமளவு
மெமரியை வாடகைக்கு எடுத்து
மறுபடி ஓட்டினேன்.
முப்பது வரவேண்டும்.

நாற்பத்து மூன்று.

கீழே ஷட்டரை இழுத்துச் சாத்தினார்கள்.
இன்னொரு தடவை. நாற்பத்து மூன்று.
அள்ளாவிட்டால் உயிருள்ளதும் செத்ததும்
ஒரே காட்டில் கலந்து கிடக்கின்றன;
ஒரு உதிரிப் பழத்துக்கு
ஒரு நிரை முழுக்க நடக்க வேண்டியிருக்கிறது.
அவன் அள்ளும்போது
மிஞ்சியதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறான்.
அந்த நடை மிச்சத்துக்கு
என் அட்டவணையில் கட்டம் இல்லை.

யோகேஸ்வரியிடம் சொன்னேன். சிரித்தாள்.
"மழ நாள்ல சக்கரத்துல ஒட்டிக்கிட்டு வர்ற மண்ணு
ஆலைக்குள்ளயே உதிந்துருது.
வெறும் லோரியா எறங்குறப்ப அது இல்ல.
அப்ப அதுவும் குலைதானே?
பன்னெண்டு வருசமா மண்ணுக்கும்
வெள்ளி எண்ணிக் குடுக்குறோம்."

ஒரு லோரி இறங்கி அடுத்தது ஏறுமுன்
ஷொஹெல் துடைப்பத்தோடு பாலத்தில் ஏறினான்.
இருபது காட்டிய திரை
பூச்சியத்துக்கு வந்தது.

அந்த இடைவெளியில் அள்ளச் சொல்லி
நானும் ஒரு வரி சேர்த்தேன்.

"இன்னைக்கு நல்ல ஸ்பீடு" என்றார் சன்னாசி அண்ணன்.
அதே நாற்பத்தொன்றுதான்.
லிம்முக்கு அனுப்ப வேண்டிய தாளில்
எண்ணுக்கான இடம் இன்னும் காலி.