நாலு விரற்கடை

புக்காரெஸ்ட் வடக்கு நிலையத்தில்
பளபளக்கும் ரயில்களுக்கு நடுவே
நிலக்கரிப் புகை விடுவது அது ஒன்றுதான்.
பெட்டி வாசலில் பரஸ்கோவியா,
டிக்கெட்டை விட்டுவிட்டு என் காலைப் பார்த்தாள்:
"துடைத்துவிட்டு ஏறு."

கீழ் பெர்த்தில் ருக்ஸாந்தா.
எதிரே துடோசி என்றொருவர்,
பல் கட்டும் தொழில்.
அட்டைப்பெட்டி நிறைய பிளாஸ்டர் தாடைகள்;
ரயில் குலுங்கும்போதெல்லாம்
அவை எதையோ மென்றுகொண்டிருந்தன.

உப்பிட்ட வெள்ளரி, ஆட்டுப்பால் பாலாடை, அவித்த முட்டை
மறுக்க மறுக்க என் மடிக்கு வந்தன.
இருபது நாள் புக்காரெஸ்டில்
படுத்த படுக்கையாயிருக்கும் ஒரு கர்னலைப் புரட்டிப் போடுகிறாள்,
பத்து நாள் கிஷினாவில் தன் வீடு.
கர்னல் கனமா என்று கேட்டேன்.
"ஆண்கள் எல்லாரும்
படுத்தபின் கனம்தான்."

புஸாவ் போயிற்று. ஃபொக்ஷானி போயிற்று.
பிறகு எதுவும் வரவில்லை, இருட்டுதான்.

விடிவதற்கு முன் எல்லை.
டார்ச் அடித்த அதிகாரி
என் முகத்தைப் பார்த்தார், புகைப்படத்தைப் பார்த்தார்,
இரண்டிலுமே திருப்தியில்லாமல் முத்திரை குத்தினார்.
பிரூத் ஆற்றுப் பாலத்தை
கடன் கொடுத்தவன் வீட்டைக் கடப்பதுபோல்
ஓசையடக்கிக் கடந்தது ரயில்.

அப்போது ருக்ஸாந்தா எழுந்தாள்.
சீப்பை மிச்சத் தேநீரில் நனைத்துத் தலை வாரினாள்.
செல்போன் வெளிச்சத்தில் உதட்டுச் சாயம்.
காதில் சிவப்புக் கல்.
இறங்கவா, கிஷினாவுக்கு இன்னும் மூன்று மணி நேரமிருக்கே என்றேன்.
"இறங்கவில்லை. தூக்கப் போகிறார்கள்."

அந்தக் கரையில் தண்டவாளம்
நாலு விரற்கடை அகலம் கூட.
"எதிரிப் படை வரக்கூடாதென்று அப்படிப் போட்டார்களாம்,"
கண் திறக்காமல் சொன்னார் துடோசி.
"வராத படை எது?"

உங்கேனி கொட்டகை.
பெட்டிகளைத் தனித்தனியாகக் கழற்றினார்கள்.
கழிப்பறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிய பரஸ்கோவியா
இரண்டு மணி நேரம் யாருக்கும் எதுவும் வராது என்று அறிவித்தாள்.
பிறகு
விளக்குக் கம்பம் தாழ்ந்தது.
தொப்பி போட்டவர்கள்
மார்பளவு, கழுத்தளவு, தொப்பியளவு
தரைக்குள் இறங்கினார்கள்.
நாங்கள்தான் உயர்ந்துகொண்டிருந்தோம் என்று புரிய நேரமாயிற்று.
தம்ளரில் ஒரு சுழிகூட இல்லை.
எங்களுக்கடியில் பழைய சக்கரங்கள் உருண்டு போயின,
அடுத்தவர் வீட்டுச் செருப்பைப்போல்
வேறு சக்கரங்கள் வந்து காத்திருந்தன.

ருக்ஸாந்தா ஜன்னல் திரையை இழுத்து மூடினாள்.
அவ்வளவு அலங்காரத்துக்குப் பிறகு.

"கீழே ஜாக்கி பிடிப்பவன் இலாரியோன்.
பதினோரு வருஷத்துக்கு முன்னே என் புருஷன்.
கோர்ட்டு வாசலில் சொன்னான்,
உன்னை இனி என்னால் தாங்க முடியாதென்று."
முட்டை ஓட்டை விரலால் நொறுக்கினாள்.
"மாதம் இரண்டு முறை தாங்குகிறான்."

நீ இதில் இருப்பது அவருக்குத் தெரியுமா?
தோளைக் குலுக்கினாள்.
"போன தடவை பாலாடை அதிகம்.
ஜாக்கி முனகிற்று. முனகட்டும்."

அந்தரத்தில் நாங்கள் மூவரும்
இருபது தாடைகளும்.
கொஞ்ச நேரம் எந்த நாட்டிலும் இல்லை.

இறக்கினார்கள். மாட்டினார்கள்.
சுத்தியல்காரன் வரிசையாக வந்தான்,
சக்கரத்துக்கு ஒரு தட்டு, அதுதான் விதி.
டங். டங். தூரத்திலிருந்து கிட்டே.
எங்களுக்குக் கீழே ஒன்று.
நின்றான்.
இன்னொன்று, மெதுவாக,
விரிசல் தேடும் தட்டில்லை அது.
ருக்ஸாந்தா என்னைப் பார்த்தாள்.
நான் இல்லாத காலுறையை
பெர்த்தடியில் தேட ஆரம்பித்தேன்.

பூட்டுத் திறந்ததும் கழிப்பறைக்கு ஓட்டம்.
திரும்பி வந்தபோது
சாயத்தைத் துடைத்துவிட்டுச் சுவர் பார்த்துப் படுத்திருந்தாள்.
அகலப் பாதையில் குலுக்கல் குறைவு என்றார் துடோசி.
தாடைகள் ஒத்துக்கொள்ளவில்லை.

கிஷினாவில் அவள் மூட்டைகளை நான்தான் இறக்கினேன்.
நல்ல கனம்.