புளியரைச் சாவடி, இரவுப் பணி

கோழிக் காய்ச்சல் மாசம்.
கேரளத்திலிருந்து இறங்கும் வண்டிச் சக்கரங்களுக்கு
மருந்தடிக்கிறேன். தினக்கூலி.

மூன்றரை மணிக்கு ஒரு சொகுசுப் பேருந்து,
சன்னலெல்லாம் திரை.
"என்ன லோடு?"
வாய்ப்பழக்கம், கேட்டுவிட்டேன்.
"பதினேழு எம்.எல்.ஏ. எல்லாம் ஒரே கட்சி.
காலையில ஓட்டெடுப்பு, சீக்கிரம் அடி."

உள்ளே குறட்டை.
பன்னிரண்டு நாள் ரிசார்ட்டின் நேந்திரஞ்சிப்ஸ் வாசம்.

ஆறாவது சன்னலில் திரை விலகியது.
பணிநிரந்தரம் கேட்ட என் மனுவை
நாலாய் மடித்துப் பையில் வைத்த
அதே கை.
"ஏ தம்பி, போன் இருந்தாத் தாடே, வீட்டுக்கு ஒரு நிமிசம்...
இது எந்த ஊரு?"

"உங்க தொகுதிதான் சார்."

பின்னிருந்து யாரோ திரையை இழுத்தார்கள்.
ஒரு சக்கரம் அடிக்க மிச்சமிருக்கையிலேயே
வண்டி நகர்ந்துவிட்டது.

பதிவேட்டில், 'பறவைகள்' கட்டத்தில்
இல்லை என்று எழுதினேன்.
பேனாவை மூட
கொஞ்சம் நேரமானது.