பறவைக்குப் புதிய முதலாளி

வெர்லாந்தியை விற்றுவிட்டார்கள் என்ற செய்தி
கங்கைகொண்டான் சிப்காட்டுக்கு
ஒரு வரைபடமாகத்தான் வந்து சேர்ந்தது.
மூலையில் திருத்த எண் மாறியிருந்தது.
பழையவை அனைத்தும் ரத்து.

எனக்குத் தரக்கட்டுப்பாட்டில் வேலை.
அந்த ரேஸ் காரின் மூக்கில் உட்காரும் பறவையை
ஒன்பது வருஷமாக லென்ஸுக்கு அடியில் பார்க்கிறேன்.
காரை ஒருநாளும் பார்த்ததில்லை.
வருஷத்துக்கு அறுநூறு பறவை,
துத்தநாக வார்ப்பு, நீல எனாமல்,
சிறகுக்கு மூன்று இறகு.
மூன்றாவது மயிரிழை பிசகினாலும்
சிவப்புத் தொட்டிக்குப் போகும்.

புது முதலாளிக்கு அத்தனை இறகு வேண்டாமாம்.
பக்கத்துக்கு ஒன்று. அதுவும் தட்டையாக.
உலோகமும் ஆகாது.
இனி வண்டியில் எஞ்சின் கிடையாது,
மூக்குக்குப் பின்னால் ராடார் இருக்கும்,
அது பறவைக்குள் புகுந்து வெளியே பார்க்க வேண்டும்;
ஆகவே பிளாஸ்டிக்.
எண்ணிக்கை: நாற்பதாயிரம்.

வார்ப்படப் பக்கத்து லூர்துராஜ்
காகிதத்தைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார்.
"தட்டாம்பூச்சி மேல லாரி ஏறுன மாதிரில்லா இருக்கு."
மோல்டிங் பக்கத்து மைதீன் பிச்சை சிரிக்கவில்லை.
நாற்பதாயிரத்தை மூன்று ஷிப்டால்
உதட்டுக்குள் வகுத்துக்கொண்டிருந்தார்.

கடல் தாண்டி ஏதோ ஊரில்
பழைய வண்டிக்காரர்கள் ஆலை வாசலில் கூடி
எஞ்சினை முறுக்கி முறுக்கி அழவிட்டார்களாம்.
பேச்சித்தாய் செல்போனில் காட்டினாள்.
பாவமாகத்தான் இருந்தது.
ஒருவர் பானெட்டின் மேல் கன்னத்தை வைத்திருந்தார்.
கன்னத்துக்கு அடியில் பறவை.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
எனாமல் ஓரத்தில் ஒரு குமிழி.
எப்படித் தப்பவிட்டேன்?

அந்த மாசம் முழுக்க ஓவர்டைம்.
தச்சநல்லூர் கூட்டுறவு வங்கியிலிருந்து
என் வளையல் இரண்டும் திரும்பி வந்தன.
போட்டுக்கொண்டு வேலைக்குப் போகக் கூடாது,
பிளாஸ்டிக்கில் கீறல் விழும்.

சித்திரையில் அதைக் கொண்டுவந்தார்கள்,
வெயிலில் ஓட்டிப் பார்க்க.
கயத்தாற்றுக் காற்றாலை ஒன்றுகூட அசையவில்லை.
வண்டி முழுக்கக் கறுப்பு வெள்ளைச் சுழி,
யாரோ கோபத்தில் போட்ட கோலம் மாதிரி.
உறைக்கு அடியில் எங்கோ
நான் கையெழுத்திட்டு அனுப்பிய
மாதிரிப் பறவை பன்னிரண்டில் ஒன்று.

சரணாலயத்துப் புள்ளிமான்
சாயங்காலம் தண்ணீருக்கு ரோட்டைக் கடக்கும்.
லாரிச் சத்தத்துக்குக் காதைத் திருப்பும்,
எங்கள் கம்பெனி பஸ்ஸுக்கும் திருப்பும்.
இதற்குத் திருப்பவில்லை.
நடு ரோட்டில் நின்று
வால் நுனியால் ஈ விரட்டிக்கொண்டிருந்தது.

நாங்கள் எல்லாரும் கேட்டோரம் நின்றோம்.
லூர்துராஜ் "ஐயோ" என்று வாய் திறந்தார்.
அதற்குள் வண்டி தானாக நின்றுவிட்டது.
மானுக்கும் அதற்கும் இடையில் ஒரு கட்டில் போடலாம்.
ஓட்டிவந்தவன் கையில் மூடி திறந்த தண்ணீர் பாட்டில்,
சட்டை நனைந்திருந்தது.
அவன் பிரேக்கை மிதிக்கவில்லை.
"பாத்துட்டே," என்றார் மைதீன் பிச்சை,
பெற்றவன் மாதிரி.

மான் நகரவில்லை.
அவன் ஹாரனைத் தேடினான். இன்னும் பொருத்தவில்லை போல.
கண்ணாடியை இறக்கினான்.
நரைத்த தாடி, பழைய கம்பெனித் தொப்பி,
அதில் மூன்று இறகு.
தலையை வெளியே நீட்டி
வாயாலேயே
முதல் கியர் போட்டான், இரண்டாவது போட்டான்,
மூன்றாவதில் தொண்டை நரம்பு புடைக்க
அந்த எஞ்சினை முழுசாக அலறினான்.

மான் காதைத் திருப்பியது.
மெதுவாக, அவசரமே இல்லாமல்,
கருவேலத்துக்குள் இறங்கிப் போயிற்று.

அவன் எங்களைப் பார்த்துவிட்டான்.
முகம் சிவந்தது.
யாரும் சிரிக்கவில்லை, பேச்சித்தாயைத் தவிர.
"இன்னொரு வாட்டி போடச் சொல்லுக்கா," என்றாள்,
செல்போனை நீட்டியபடி.