சுருதி சேர்க்கும் நேரம்

டண்டீயில், மீன்வறுவல் கடைக்கு மேல்மாடி.
முதல் கச்சேரிக்குப் பதினோரு பேர்,
அதில் மூவர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.
இஷ்பெல் டுரி முறுக்காணிகளைத்
திருகிக்கொண்டே இருந்தாள்.
குளிருக்குக் கம்பி இறங்கிக்கொண்டே இருந்தது.
அதுவே பாட்டென்று நினைத்து
ஒருவர் கைதட்டிவிட்டார்.
ஒலிமேசையில் நான்
உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அப்புறம் ஒன்பது வருடம்.
நான்கு இசைத்தட்டு.
மூன்றின் பின்னட்டையில்
தவயோகன் என்ற என் பெயர் தப்பும் தவறுமாக.
நான்காவதில் சரி.
இன்வெர்னெஸ் போகும் வழியில் வேன் புகைந்து நின்ற இரவு
தன் கோட்டைக் கழற்றிக் கிட்டாருக்குப் போர்த்தினாள்.
எனக்கு ஒன்றும் இல்லை.

தாயை அடக்கம் செய்த வாரம் எழுதிய பாட்டை
ஒரு வங்கி விளம்பரம் வாங்கியது.
அவள் குரலுக்குக் கீழே
வீட்டுக்கடன் வட்டி விகிதம் பொடியெழுத்தில் ஓடியது.
அந்தக் காசில் பல் கட்டிக்கொண்டாள்,
என் பழைய பாக்கியைத் தீர்த்தாள்.
"விற்றது பாட்டைத்தான், அம்மாவை இல்லை"
என்றாள், நான் கேட்காமலே.

லண்டன் கம்பெனி கைகழுவியது.
கட்டிலுக்கு ஒரு கால் உடைந்துபோய்
விற்காத தட்டுகள்தான் முட்டுக்கொடுக்கின்றன.
திங்கள் முதல் வியாழன் வரை
தபால் பிரிக்கும் வேலை.

நேற்று அதே மாடி.
நாற்பது பேர், தொழில் பழக்கத்தில் எண்ணிவிட்டேன்.
நெடுநேரம் சுருதி சேர்த்தாள்.
எல்லோரும் விஷயம் தெரிந்தவர்கள்,
ஒருவரும் கைதட்டவில்லை.
நிமிர்ந்து
இருட்டுக்குள் யாரையோ தேடினாள்.

மேசை விளக்கை அணைத்துவிட்டு
நான் தட்டினேன்.