நாலரைக் கிலோ

கருங்கல் ஆக்கர் கடையில்
எடை போட்டுத்தான் தந்தான்,
பெட்டியும் சேர்த்து நாலரைக் கிலோ.

ஸ்பானர் எனக்குத் தெரியும்.
வாய் பிளந்த குறடு, பல் போன அரம்,
பிடியில்லாத் திருப்புளி இரண்டு.
அடியில், துருவோடு துருவாக,
இது.

ரப்பர் வெட்டும் ஞானசிகாமணி
திருப்பித் திருப்பிப் பார்த்தார்:
"பால்கத்தி இல்ல. வளைவு போராது."

குளச்சலில் வள்ளம் பணியும் ஆன்றோஸ்
மோந்துகூடப் பார்த்தார்:
"பஞ்சு திணிக்கிற உளிக்கு
இவ்வளவு கூர் எதுக்கு ஓய்?"

பெனிற்றா டீச்சர் போனில் படமெடுத்துத் தேட,
மீன் செதிள் சுரண்டி என்றது;
விலையும் சொன்னது.

"சாய்ப்பு மறுபக்கம் இருக்கு.
அடிச்ச கொல்லனுக்குக் கண்ணு தெரியல்ல."
ஞானசிகாமணி முடித்துவைத்தார்.

மழை வலுத்ததும் கலைந்தார்கள்.
சும்மா கிடந்த ஆயினிப் பலகையில்
வைத்து இழுத்தேன்.
சீவல் சுருண்டு
முழங்கை வரை ஏறிற்று.

நான் இடக்கையன்.
அதற்காக ரெண்டாம் வகுப்பில் வாங்கிய அடியோடு
அந்தப் பேச்சு முடிந்திருந்தது.

பிடியில் பெருவிரல் தேய்த்த குழி.
என் விரல் அதில் முழுதாய் அடங்கவில்லை;
சின்னக் கை.

பெயர் இன்னும் கிடைக்கவில்லை,
கருவிக்கும்.