ஓடாத ஃப்ரிட்ஜ்

வல்பரைசோவில், நூற்றி அறுபத்தோராம் படியில் இருக்கிறது
குன்றுக்காரர்கள் சங்கக் கூடம்.
திங்கள் தடுப்பூசி, வெள்ளி பிங்கோ,
யாராவது செத்துப்போனால் எந்தக் கிழமையும் சவப்பெட்டி.
செவ்வாய் ஐந்து மணி எனக்கு.

சாவி கீழ்வீட்டு ஒரியெட்டாவிடம்.
அவள் கண்ணயர்ந்துவிட்டால் வகுப்பு படிக்கட்டில்தான்.
ஒருநாள் கேஸ்காரர் உருளையைத் தோளில் சுமந்தபடி
எங்கள் வரிசைக்கு வழிவிட்டு
எட்டு எண்ணி முடியும்வரை ஒற்றைக் காலில் நின்றார்.
வருகைப் பதிவில் அவரையும் சேர்த்தேன்.

என் முழங்காலில் இரண்டு திருகாணி.
குதியுங்கள் என்பேன், குதிக்க மாட்டேன்.
பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது.
மழையே பெய் என்று சொல்பவர் நனைந்தாக வேண்டுமா என்ன.

இக்னாசியாவுக்குச் சுற்றத்தான் பிடிக்கும்,
மற்றதெல்லாம் ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே காத்திருப்பு.
வில்கென்சன் எயிட்டியிலிருந்து வந்தவன்.
எல்லாருக்கும் இடம் வலம் குழம்புகிறதே என்று
முதல் வாரம் அவனை ஜன்னல் பக்கம் நிறுத்தினேன்;
அன்றிலிருந்து இடது என்றால் வில்கென்சன்.
அவன் காய்ச்சலில் படுத்த செவ்வாயில்
மொத்த வகுப்பும் வலப்பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து
சுவரில் போய் முட்டியது.

சுவரில் ஏற்கனவே ரெனாட்டோ இருந்தான்.
மூன்று வாரமாக அங்கேதான்,
மேலங்கியின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு.
அம்மா வேலை முடிந்து வர ஆறரை ஆகும்,
அதுவரை ஒரு கூரை வேண்டும், அவ்வளவுதான்.
நான் அவனை ஆட அழைக்கவில்லை.
போகச் சொல்லவும் இல்லை.

போன வாரம் சொன்னேன்: வீட்டிலுள்ள ஒரு சாமான் ஆகுங்கள்.
கெட்டில் ஒன்று கொதித்தது.
இரண்டு மின்விசிறிகள் மோதிக்கொண்டன.
பூனை சாமானா என்று சண்டை வந்தது.
சுவரோரமிருந்து ஒரு குரல்:
நான் எப்பவோ ஆயிட்டேன்.
என்னவா?
ஃப்ரிட்ஜ்.
என்ன செய்யும்?
ஒண்ணும் செய்யாது. பிப்ரவரியிலிருந்து.

இக்னாசியா போய் அவன் முழங்கையைப் பிடித்து
கதவாகத் திறந்தாள்.
விளக்கு எரியாது, என்றான்.
பரவாயில்லை என்று ஒரு பாட்டில் பால் வைத்தாள்.
பஸ்தியான் மீன் வைத்தான், நாற்றத்தோடு;
எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள்.
வில்கென்சன் ஒரு முழு மாமரத்தை
கிளை கிளையாக மடித்து உள்ளே தள்ளினான்.

அப்போதுதான் அது ஓடத் தொடங்கியது.
முதலில் கணுக்கால். பிறகு முழங்கால், தொப்பை,
தாடை கடகடக்க, ஜிப் தானாகக் கீழிறங்க,
பழைய மோட்டாருக்கு வருமே ஒரு உதறல்,
அது.
ஜன்னல் கண்ணாடியும் உதறியது.
தொங்குவிளக்கு ஆடியது. கீழே ஒரியெட்டாவின் நாய்கள்.
இந்த ஊரில் பூமி அடிக்கடி புரண்டு படுக்கும்,
சின்னதென்றால் நாற்காலியை விட்டுக்கூட எழமாட்டோம்.
ஆனால் பத்து முகமும் அவனையே பார்த்தன.
அவன் தன் கைகளைப் பார்த்தான்.
நிறுத்தினான்.
ஒரு எண்ணிக்கை பிந்தி
பூமியும் நிறுத்தியது.

நகராட்சிப் படிவம் கேட்கிறது:
அசைவில் முன்னேற்றம், ஒன்றிலிருந்து ஏழுவரை மதிப்பிடுக.
ரெனாட்டோவுக்கு நேராக
ரேடியோவில் சொன்ன நாலு புள்ளி மூன்றை எழுதினேன்.
அடித்தேன்.
மறுபடி எழுதினேன்.

இன்று அவன் படியேறி வந்ததும்
பூகம்பம், பூகம்பம் என்று கத்தினார்கள்.
சுவரில் சாய்ந்து ஜிப்பை மேலே இழுத்துக்கொண்டான்.
கரண்ட் இல்ல, என்றான்.
வில்கென்சன் மட்டும் ஜன்னலை விட்டுப் போய்
அவன் வயிற்றில் காதை வைத்துக் கேட்டான்,
மாம்பழம் கெட்டுவிடுமே என்ற கவலையில்,
பிறகு அங்கேயே நின்றுவிட்டான்.

இடது, என்றேன்.
எல்லோரும் சுவர்ப்பக்கம் திரும்பினார்கள்.