குண்டு துளைக்காத அறை

குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ள
வீட்டுக்கு ஓர் அறை வைத்துக் கட்டுகிறார்கள் எங்கள் ஊரில்.
சுவர் கனம். கதவு எஃகு.
திறக்க, தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டும்.

இதுவரை குண்டு எதுவும் விழவில்லை.
ஆகவே அதில்
பயணப் பெட்டிகள், ஓடாத மேசை விசிறி,
போன தீபாவளியின் விளக்குச் சரம்,
பத்து கிலோ அரிசி,
மகன் நீச்சல் பழகிய பலகை.

பலகைக்குப் பின்னால்
வீவக கடிதங்கள் மூன்று.
ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"எப்போதிலிருந்து?" என்றேன்.
"சரக்கு முனையத்தில் இரவு வேலையை நிறுத்தினார்களே,
அப்போதிலிருந்து."
சொல்லிவிட்டு ஞானசேகர்
கதவின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.
நான் போனது அரிசி எடுக்க.
இரண்டு குவளை அளந்தேன். மூன்றாவதையும் போட்டேன்.
நான்காவதையும்.
அன்று சோறு மலையாக மிஞ்சியது.

தோ பாயோவில் எங்கள் எண் 3062.
திரையில் 3041.
இடையில் இருந்த இருபது பேரும் நலமாகத்தான் இருந்தார்கள்,
ஆனால் பரிசோதனை முடிவுக்குக் காத்திருப்பவர்கள்போல
உட்கார்ந்திருந்தார்கள்.

முன்வரிசையில், எங்கள் புளோக், பதினான்காம் மாடி
திருமதி சுவா.
சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சு நீட்டும் கையில்
அதே நீள உறை.
அவர் திரையைப் பார்த்தார்.
நானும் திரையைப் பார்த்தேன்.
அவ்வளவு கவனமாக
எந்த நாடகத்தையும் நான் பார்த்ததில்லை.

அதிகாரி பெயர் நூரைனி.
சம்பளச் சீட்டு கேட்டார், மசேநி கணக்கு கேட்டார்,
பிள்ளைகள் யாரும் வேலைக்குப் போகிறார்களா என்றார்.
"மகனுக்கு எட்டு வயது."
விசைப்பலகையில் ஓடிய விரல்கள் நின்றன; சிரித்துவிட்டார்.
இவரும் சிரித்தார்,
ஆறு வாரத்தில் முதன்முறை.

பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.
மீதமுள்ள பதினோரு ஆண்டு பத்தொன்பதாகும்.
மாதம் ஆயிரத்து அறுநூற்று ஐம்பத்தாறு வெள்ளி
ஆயிரத்து ஐம்பத்தேழாகும்.
குறைவது ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது,
ஒரு வெள்ளியைக் கிள்ளி வைத்த
தள்ளுபடி விலை மாதிரி.

கணக்கெழுதிச் சம்பளம் வாங்குகிறவள் நான்.
இந்த எட்டு ஆண்டின் விலை
இருபத்திரண்டாயிரத்துச் சொச்சம்.
மனத்துக்குள் போட்டேன், மனத்துக்குள்ளேயே அழித்தேன்.
கடைசித் தவணையன்று இவருக்கு அறுபத்தைந்து.
மகனுக்கு இருபத்தேழு.
என் வயதை நான் கூட்டிப் பார்க்கவில்லை.

"வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்லலாம்" என்றார் நூரைனி.
வீடு என்ற சொல்லில்
இருவரும் ஒரு கணம் தடுக்கி நின்றோம்.

அங்கேயே கையெழுத்திட்டோம்.
பாதியில் இவர் கையெழுத்து கோணிப்போனது.
"செல்லுமா?"
"செல்லும்" என்றார் அவர்,
"முடிவைக் கடிதத்தில் அனுப்புவோம்."

கடிதம் என்றதும் இவர் என்னைப் பார்த்தார்.
"பெட்டிச் சாவி இனிமேல் என்னிடம்" என்றேன்.
சாவிக் கொத்திலிருந்து அதை மட்டும் கழற்ற
ரயிலில் நான்கு நிலையம் ஆனது.
நகம் வலித்திருக்கும்.
நான் உதவவில்லை.

இரவு எட்டரை.
மூடப்போன லிஃப்ட் கதவுக்குக் குறுக்கே ஒரு கை வந்தது.
திருமதி சுவா.
தமக்குப் பதினான்கை அழுத்தினார்,
பிறகு, கேட்காமலே, எங்களுக்கு ஒன்பதை.

"சூடா மாக்கான்?"
சாப்பிட்டாச்சா என்று அந்தக் காலத்துச் சந்தை மலாயில்.
"சூடா" என்றேன்.
காலையிலிருந்து இருவரும் எதுவும் சாப்பிடவில்லை.
"நானும் ஆச்சு" என்றார் அவர்.

அவர் விரலில் தொங்கிய பொட்டலம்
இன்னும் பிரிக்கப்படாமல்
ஆவி விட்டுக்கொண்டிருந்தது.